வசந்தா அக்கா வெட்டச் சொன்ன காட்சி

பாகாலா ஜங்ஷனில் ரயிலுக்காக நின்றுகொண்டிருந்தபோது ஆவணப்பட இயக்குநர் வசந்தா அவர்களின் தம்பி போனில் அழைத்தார். "அண்ணா, அக்கா பூட்டாங்கண்ணா. பல்லு வௌக்கிக்கினு இருந்தவங்க அப்டியே உக்காந்துட்டாங்க" என்றார். "சரி" என்றேன். டீ வாங்கிக் குடித்தேன். திருப்பதி வண்டி வந்தது, ஏறிக்கொண்டேன்.

அவருடைய படங்களுக்கெல்லாம் எடிட்டிங் செய்தவன் நான். நகரிப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்த அவர், திருப்பதியில் ஒரு தெலுங்குச் செய்தி சானலில் வேலைக்குச் சேர்ந்தார். தரிசனத்துக்கு வரும் பிரமுகர்களின் பின்னால் மைக்கோடு ஓடுவதுதான் வேலை. "கும்பிட வந்தவங்கள கும்பிட வுடாம இன்னாத்த கேக்கறது?" என்று ஒருநாள் விட்டுவிட்டார். அதன்பின் சொந்தமாகப் படமெடுத்துச் சானல்களிடம் கொடுத்தார். சித்தூர் மாங்கூழ் ஆலைகளில் பழம் நறுக்கும் பெண்களைப் பற்றியது முதல் படம். ஞாயிறு மதியம் ஒளிபரப்பினார்கள். எங்கள் வீட்டிலேயே எல்லாரும் தூங்கிவிட்டார்கள். அக்காவிடம் அதைச் சொன்னபோது சிரித்தார்.

அடுத்த படம் வரதய்யபாளையத்தில். அங்கிருந்து ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டைக்குக் கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போகும் தேவகி என்ற பெண், அடிக்கிற கணவனை விட்டு வந்த கதையைக் கேமராவைப் பார்த்துச் சொன்னார். அந்த நான்கு நிமிடத்தை எடிட் அறையில் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தோம்.

ஒளிபரப்புக்கு முந்தின வாரம் தேவகி அக்காவுக்குப் போன் செய்தார். "பொண்ணுக்கு எடம் வந்துகீதுமா. நான் பேசினத எடுத்துடுமா."

சானல்காரர் ஒப்புக்கொள்ளவில்லை. "அதுதான் மேடம் படமே. கையெழுத்து போட்டுக் கொடுத்திருக்காங்களே" என்றார். முகத்தை மறைத்துவிடலாம் என்று நானும் வாதாடினேன்.

"கொரல வெச்சே ஊரே கண்டுபுட்சிடும்பா. அன்னைக்கி ஒத்துக்கினாங்க, இன்னைக்கி வேணாங்கறாங்க. இன்னைக்கி சொல்றதுதான் பேச்சு. வெட்டு" என்றார் அக்கா.

வெட்டினேன். சானல் படத்தைத் திருப்பி அனுப்பிவிட்டது. அந்தச் சானல் பிறகு அவரைக் கூப்பிடவேயில்லை. இரண்டு வருடம் புத்தூரில் கல்யாண வீடியோ எடுத்தோம். அந்த நிலைமையைப் பெருமையாக ஒன்றும் ஏற்றுக்கொள்ளவில்லை அவர். எரிந்து விழுவார், சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோவார். ஆனால் வெட்டியது தப்பென்று ஒருமுறைகூடச் சொன்னதில்லை. தேவகி தன் மகள் கல்யாணத்துக்கு நேரில் வந்து அழைத்தார். அக்கா போகவில்லை. "என்னப் பாத்தா அந்தம்மாவுக்கு மனசு திக்குனு இருக்கும். நல்ல நாள்ல எதுக்கு?"

பிறகு வேறு சானல்கள் வந்தன, படங்களும் வந்தன. எந்தப் படத்திலும் அவர் முகமோ குரலோ கிடையாது.

தகனம் முடிந்து வந்து குளித்தேன், சாப்பிட்டேன். அழுகை வரவில்லை. மறுநாள் வழக்கம்போல எடிட் அறையைத் திறந்து, சத்தியவேட்டில் அவர் கடைசியாக எடுத்துவந்த பதிவை ஓடவிட்டேன். பூ கட்டும் ஒரு பெண்மணி பேசத் தயாராக உட்கார்ந்திருக்கிறார். கேமராவுக்குப் பின்னாலிருந்து அக்காவின் குரல்: "இரும்மா, வெயில் வரட்டும். அவசரம் ஒண்ணும் இல்ல." பிறகு திரையின் ஓரத்திலிருந்து அவர் கை வருகிறது. அந்தப் பெண்ணின் தோளில் சரிந்திருந்த முந்தானையைச் சரிசெய்கிறது. விலகிப்போகிறது.

போய் வாருங்கள், அக்கா.