எக்ஸ்ரே அறைக்காரரின் கை

இருமலை யாருக்கும் காட்டாமல், ஆற்காட்டில் உறவினர் வீட்டுக்குப் போவதாக மேஸ்திரியிடம் பொய் சொல்லிவிட்டு வேலூர் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தேன். ஆம்பூரில் எங்கள் தோல் பதனிடும் மண்டியில் நெஞ்சு கெட்டவனுக்கு மறுநாள் வேலை இருக்காது.

எக்ஸ்ரே இயந்திரம் புதிதாக வந்திருந்த காலம் அது. அறை அரையிருட்டாக இருந்தது. அங்கிருந்தவர் வெளுத்த கோட்டும் தாழ்ந்த குரலுமாக டாக்டர் போலவே இருந்தார். ஆனால் அவர் கையைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. தோல் வெடித்து, விரல்கள் கறுத்து, நகங்கள் பாதி தேய்ந்திருந்தன. தோல் ஊறப்போடும் சுண்ணாம்புக் குழியில் வருஷக்கணக்காக நின்றவனுக்குத்தான் அப்படிக் கை இருக்கும். மேஸ்திரிக்குத் தெரிந்த ஆள், சேதி சொல்லிவிடுவார் என்று முடிவு கட்டிவிட்டேன்.

"சட்டையக் கழட்டுப்பா" என்றார்.

நான் கழற்றவில்லை. "நீங்க எந்த மண்டில இருந்தீங்க?"

"மண்டியா? நான் தோல் பக்கமே போனதில்லப்பா."

"அப்ப கை இன்னா இப்டி இருக்குது?"

அவர் தன் கையை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "மிஷின் சரியா வேலை செய்யுதான்னு பாக்கணும்ல. ஒவ்வொருத்தருக்கும் முன்னாடி என் கையத்தான் வெச்சுப் பாப்பேன்."

நான் நம்பவில்லை. அவர் விளக்கை அணைத்து இயந்திரத்தை முடுக்கி, ஒரு பலகைக்குப் பின்னால் கையை நீட்டினார். பலகையில் படர்ந்த பச்சை வெளிச்சத்தில் அவருடைய எலும்புகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன.

"சரியாத்தான் இருக்குது. வா."

சட்டையைக் கழற்றிவிட்டுப் போய் நின்றேன்.

மேஸ்திரிக்குச் சேதி எதுவும் போகவில்லை. சுண்ணாம்பு கையைத் தின்னும் என்று தெரிந்தேதான் நாங்கள் குழியில் இறங்கினோம். அந்த இயந்திரம் தன் கையைத் தின்கிறது என்று அவருக்கும் தெரிந்திருந்ததா என்பதுதான் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.