முதலிடத்து நஞ்சு

சமையலறையில் மறுபடியும் மடாரென்று சத்தம். தங்கைக்கென்று ஹேமநாத் ஊரிலிருந்து கொண்டுவந்த விரால் மீன்கள் வாளி மூடியை முட்டின.

"நம்ம ஏரி மீனு, தேவி! எப்படித் துள்ளுது பாரு. இந்தத் தண்ணியிலயா விஷம் கீதுன்ற?" ஹேமநாத் சிரித்தார்.

தேவயானி சிரிக்கவில்லை. பிச்சாட்டூர்ப் பக்கத்து விவசாயி கன்னையாவின் மகள் அவள். அப்பா போன பிறகு அவளை எம்.எஸ்சி. வரை படிக்க வைத்தவர் இந்த அண்ணன்தான். இன்று திருப்பதியில் ஒரு நீர் ஆய்வுக்கூடத்தில் வேலை. ஊர் ஏரியில் கலக்கும் ரசாயனங்களில் எது அதிக ஆபத்து, எது குறைவு என்று வரிசைப்படுத்துவது அவள் பொறுப்பு. அண்ணனோ ஏரிக்கரை ஆலையின் மேனேஜர். அந்த ஆலைக் கழிவைத்தான் அவள் முதலிடத்தில் வைத்திருந்தாள். நாளை அறிக்கை போனால் ஆலைக்குப் பூட்டு.

"சாயப்பட்டறைத் தண்ணி செக்கச்செவேல்னு ஓடுது, அத்த முதல்ல போடு. எங்களுது துளியூண்டு. கடைசியில தள்ளிவுடேன்."

"எவ்ளோ கலக்குதுன்னு மட்டும் பாத்தா ஆவாதுண்ணா, மீனு எவ்ளோ தாங்கும்னும் பாக்கணும். சாயத்தக் கெண்டைக்குஞ்சு தாங்கிக்கினு கீது. உங்களுது கண்ணுக்கே தெரியல, துளியிலயே குஞ்சு செத்து மெதக்குது."

"இதுக்கா உன்னப் படிக்க வச்சேன்?" அவர் குரல் உடைந்தது. "அந்த ரிப்போர்ட்டு போச்சுன்னா, நைனா வூட்டு வாசப்படிய நீ மிதிக்கக் கூடாது!"

பிறந்த வீடென்று மிச்சமிருந்தது அந்த ஒரு வாசல்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். வாளியைத் தூக்கி வந்து அவர் காலடியில் வைத்தாள்.

"ரோஹிணிக்கு ஏழாம் மாசம், மீன் கொழம்பு கேக்குறான்னு அண்ணி சொன்னாங்க. இத்தயே ஆக்கித் தரேன். உன் பொண்ணுக்கு எடுத்துக்கினு போ."

"அய்யய்யோ! புள்ளத்தாச்சிக்கு இத்தக் குடுக்கலாமா?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. முகம் வெளிறிப் போயிற்று.

"எனக்கு மட்டும் குடுக்கலாமா? அந்தக் கரையில எத்தினி புள்ளத்தாச்சிங்க துன்றாங்கண்ணா!" அவள் வாளியை அவர் பக்கம் நகர்த்தினாள். "வாசப்படி போனா போவட்டும். முதலிடம் மாறாது."

அவர் வாளியை எடுத்துக்கொண்டார். எப்போதும் சொல்லும் 'வரேம்மா' அன்று அவர் வாயிலிருந்து வரவில்லை. படியிறங்கும் வரை பார்த்திருந்துவிட்டு, தேவயானி தானே கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.