இனிப்பை ஒதுக்கிய கரப்பான்கள்

என் சித்தியைத் தெருவில் எல்லோரும் மருந்துக்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாகக் குடிவந்த ஒருவர் அதை நம்பி, இருமிக்கொண்டே அவள் வாசலில் வந்து நின்றார். "என் மருந்தைச் சாப்பிட்டவங்க யாரும் ரெண்டாவது தடவை வந்ததில்லைங்க" என்றாள் சித்தி. அவள் மருந்து வைப்பது கரப்பான்பூச்சிக்கு.

சித்தப்பா தொடங்கிய தொழில். அவர் போன பிறகு சித்தியும் சித்தப்பாவின் தம்பியும் சேர்ந்து நடத்தினார்கள். கொழுந்தனார் பின்னறையில் உட்கார்ந்து போரிக் பவுடர், மாவு, குளுக்கோஸ் பொடி மூன்றையும் பசையாகப் பிசைவார். சித்தி அதை ஊசியில்லாத சிரிஞ்சில் அடைத்துக்கொண்டு போய், சூடும் இருட்டும் சேர்ந்திருக்கும் மூலைகளில் பொட்டுப்பொட்டாக வைப்பாள். கைராசிக்காரி என்று பெயர். ஆனால் பயந்த சுபாவம். பூட்டிய கதவைத் திரும்பி வந்து இழுத்துப் பார்க்காமல் தெருமுனை தாண்டமாட்டாள்.

அவளுடைய பெரிய வாடிக்கை ஒரு பேக்கரி. பல வருடங்களாக அங்கே வேறு யாரும் மருந்து வைத்ததில்லை. ஒருமுறை போனபோது, மாவு பிசையும் இயந்திரத்தின் அடியில் வைத்த பொட்டுகள் வைத்தபடியே காய்ந்து கிடந்தன. மேலே தூசி படிந்திருந்தது. சித்தி வீட்டுக்கு வந்து, "கொஞ்சம் குளுக்கோஸ் கூடப் போடுங்க தம்பி" என்றாள். அடுத்த முறையும் தொடப்படவில்லை. இன்னும் கூட்டச் சொன்னாள்.

"இதுக்கு மேல போட்டா நானே எடுத்துச் சாப்பிட்டுருவேன் அண்ணி" என்றார் அவர்.

இனிப்பு ஏற ஏற, பேக்கரியில் கரப்பானும் ஏறியது. முதலாளி ஒருநாள் ரொட்டித் தட்டைக் கவிழ்த்துக் காட்டினார். அடியில் ஒரு குடும்பமே இருந்தது.

"மருந்துல மருந்து இருக்கான்னு முதல்ல பாரும்மா. உங்க வீட்டுல பிசையறது யாரு?"

அந்தக் கேள்வி சித்திக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள். கொழுந்தனார் புது செருப்பு வாங்கியிருந்தார். போன வாரம் வீட்டுக்குத் தாமதமாக வந்தார். போரிக் பவுடரைக் குறைத்து வெறும் மாவைப் பிசைந்துவிட்டு, மிச்சத்தை வெளியே விற்கிறாரோ? கேட்க வாய் வரவில்லை. போரிக் பவுடர் இருந்த அலமாரிக்கு ஒரு பூட்டு வாங்கி மாட்டினாள்.

அவர் காலையில் வந்து பூட்டைப் பார்த்தார். "இது கரப்பானுக்கா, எனக்கா?"

"ரெண்டு நாளைக்குத்தான் தம்பி."

அவர் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு போய்விட்டார். நண்பருடைய சைக்கிள் பட்டறை மாடியில் தங்கியிருப்பதாகத் தகவல் வந்தது.

சித்தி எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மா கொடுத்த டீ ஆறிப்போனது. "நான் நினைச்சது தப்பா இருந்தா என்னக்கா பண்றது? சரியா இருந்தா அதைவிட என்ன பண்றது?"

"நேரா கேட்டுடு" என்றாள் அம்மா.

"கேட்டுட்டா, அப்புறம் கேக்காததா ஆக்க முடியுமா?"

கேட்காமலே தெரிந்துகொள்ள அவளே ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். அதற்கு மருந்தையே பார்க்காத எங்கள் வீட்டுக் கரப்பான்கள் வேண்டும். தங்கை வைத்தாலும் விஷம் விஷம்தான் என்று அம்மா எங்கள் சமையலறையில் ஒரு பொட்டுகூட வைக்கவிட்டதில்லை. "உன் வைராக்கியத்துக்கு இன்னைக்குத்தான்க்கா பலன்" என்றாள் சித்தி.

இரண்டு கண்ணாடி ஜாடிகள். ஏறி வராமலிருக்க உள்விளிம்பில் எண்ணெய். ஒன்றில் பேக்கரிக் கரப்பான்கள், மற்றதில் எங்களுடையவை. தண்ணீர் நனைத்த பஞ்சு மட்டும் வைத்துப் பட்டினி போட்டாள். பசி ருசி அறியாது என்பது அவள் கணக்கு. பிறகு, கொழுந்தனார் கடைசியாகப் பிசைந்துவைத்த பசையை இரண்டிலும் வைத்துக் கறுப்புத் துணியால் மூடினாள். நான் டார்ச்சில் சிவப்புக் காகிதம் சுற்றிப் பிடித்தேன். சிவப்பு வெளிச்சம் அவற்றின் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது.

எங்கள் வீட்டுப் பூச்சிகள் முண்டியடித்துத் தின்றன. பேக்கரிப் பூச்சி ஒன்று வந்து மீசையால் தடவியது, வாயை வைத்தது, நாக்கைச் சுட்டுக்கொண்டது போலப் பின்னால் துள்ளியது. முன்னங்காலால் வாயைத் துடைத்தது. அடுத்ததும் அப்படியே.

சில நாட்களில் எங்களுடையவை எல்லாம் மல்லாந்து கிடந்தன. மருந்தில் குறையில்லை. சித்தியின் முகம் தெளியவில்லை. "நான் சந்தேகப்படறது தெரிஞ்சு, இந்தத் தடவை மட்டும் ஒழுங்காப் பிசைஞ்சிருந்தா?"

குளுக்கோஸை விட்டுவிட்டு, வேகவைத்த முட்டைக் கருவில் போரிக் பவுடரைப் பிசைந்து வைத்தாள். பேக்கரிப் பூச்சிகள் அதைத் தின்று செத்தன. அவற்றுக்கு இனிப்புதான் ஆகவில்லை.

எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். இனிப்புப் பிடித்தவை எல்லாம் வருடக்கணக்காகத் தின்று செத்திருக்கும். பிறவியிலேயே இனிப்புப் பிடிக்காத ஒன்றிரண்டு தப்பியிருக்கும். இப்போது இருப்பவை அவற்றின் வாரிசுகள்.

"அது நீ சொல்ற கதை" என்றாள் சித்தி. "மருந்து குறைஞ்சிருந்தா லேசா வயித்து வலி வந்து பொழைச்சிருக்கும். பொழைச்சது, இனிப்புன்னா ஆபத்துன்னு கத்துக்கிட்டிருக்கும். அப்ப தப்பு அவர் மேலதானே?"

அதற்குப் பதில் பேக்கரியிலிருந்து வந்தது. புதிதாகப் பிடித்தவற்றில் ஒரு பெண்பூச்சி முட்டைப் பையை வாலில் சுமந்திருந்தது. எங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று அகப்பட்டது. இரண்டையும் தனித்தனி ஜாடியில் ரொட்டித் தூளோடு விட்டோம். எங்கேயும் மருந்து வாடையே இல்லை. இவற்றிலிருந்து வரும் குஞ்சுகளுக்கு யாரும் எதையும் கற்றுத்தந்திருக்க முடியாது.

அந்த நாட்களில் சித்தி சரியாகச் சாப்பிடவில்லை. காலையில் வந்து ஜாடியைப் பார்ப்பாள், மாலையிலும் வருவாள். ஒருமுறை பாதி வழி போய்த் திரும்பி வந்து மூடியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள். பட்டறைப் பக்கம் போவதைத் தவிர்த்துச் சுற்றுவழியில் நடந்தாள்.

குஞ்சுகள் அரிசிமணி போல வெள்ளையாக வெளியே வந்தன, பிறகு நிறம் ஏறின. சித்தி விஷமில்லாமல் இரண்டு பசைகள் செய்தாள். குளுக்கோஸ் பசையில் சிவப்புச் சாயம், முட்டைக்கரு பசையில் நீலச் சாயம். குஞ்சின் உடம்பு ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லியது. எதைத் தின்றாலும் வயிற்றில் தெரியும்.

மறுநாள் எங்கள் வீட்டுக் குஞ்சுகளில் பெரும்பாலானவற்றின் வயிறு சிவந்திருந்தது. பேக்கரிக் குஞ்சுகள் நீலம். நடுவில் ஒன்றிரண்டு சிவப்பும் தெரிந்தன. பிறவிக் குணம் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரி வருமா என்ன? இதே வெறுப்பை ஆராய்ச்சியாளர்களும் கண்டிருக்கிறார்கள், அது பரம்பரையாக இறங்குவது என்று நான் ஆங்கிலத்தில் படித்ததைச் சித்திக்குச் சொன்னேன்.

அவள் ஜாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப மருந்து ஒழுங்காக் கொன்னதாலதான் இதுங்க இப்படி ஆயிருக்கு. அவர் ஒழுங்காப் பிசைஞ்சதாலதான்." ஜாடியை மூடிக்கொண்டே, "நான் போடச் சொன்ன குளுக்கோஸ் எல்லாம் சல்லடை. இனிப்பு வேண்டாததை மட்டும் சலிச்சு விட்டிருக்கு" என்றாள்.

அன்றைக்கே பட்டறைக்குப் போனாள். துணைக்கு நானும் போனேன். மாடிப்படியில் உட்கார்ந்து கொழுந்தனார் முழுவதையும் கேட்டார்.

"குஞ்சு பொரிக்கிற வரைக்கும் காத்திருந்தீங்களா அண்ணி?"

"ஆமா தம்பி."

"கரப்பான் சாட்சி சொன்னாத்தான் என்னை நம்ப முடிஞ்சுது, இல்ல?"

சித்தி சேலை நுனியைத் திருகிக்கொண்டு நின்றாள். அவர் அன்று வரவில்லை. அடுத்த வாரம் வந்தார்.

இப்போது முட்டைக்கரு பசைதான். பேக்கரி முதலாளி பழையபடி சிரித்துப் பேசுகிறார். பின்னறையில் கொழுந்தனார் போரிக் பவுடரைக் கரண்டியில் அள்ளும்போது, கையை அப்படியே நிறுத்திக் கூப்பிடுகிறார்.

"அண்ணி, வந்து பாருங்க."

"வேண்டாம் தம்பி, நீங்க போடுங்க."

"பாத்துட்டுப் போயிடுங்க."

போய்ப் பார்த்தால் அவருக்கு வலிக்கும். போகாவிட்டாலும் வலிக்கும் என்று சித்தி நினைக்கிறாள். ஒவ்வொரு முறையும் கதவு வரை போய், கரண்டியைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அவர் நிமிர்வதில்லை.