ஆற்றிய தண்ணீர்

இந்த நார்வே ஊரில் நான் என்ன செய்தாலும் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. பேருந்தில் என் பக்கத்து இருக்கை காலியாக இருந்தாலும் நின்றுகொண்டேதான் வருவார்கள். அது அவமதிப்பில்லை, மரியாதை என்று புரிய எனக்கு ஒரு குளிர்காலம் பிடித்தது. புரிந்த பின்னும் தனிமை குறையவில்லை.

ரத்தக்குழாய்க்குள் நுழைந்து படமெடுக்கும் அல்ட்ராசவுண்ட் முனைகளைச் செய்வது என் வேலை. அரிசி மணியை விடச் சிறியவை. மின்சாரம் கொடுத்தால் அதிர்ந்து ஒலி எழுப்பும், எதிரொலி பட்டால் மின்சாரம் தரும் ஒரு மெல்லிய படலத்தை வெட்டி முனையில் ஒட்டுவேன். பிறகு அதைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி, எதிரே வைத்த கண்ணாடியில் பட்டு ஒலி திரும்புகிறதா என்று பார்ப்பேன். தண்ணீரில் காற்று இருந்தால் குமிழிகள் ஒலியைச் சிதறடித்துவிடும். அதனால் கொதிக்க வைத்து ஆறவிட்ட தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். சென்ற மாதம் எந்த முனையை இறக்கினாலும் வெறும் இரைச்சல்தான் வந்தது. இவை தேறினால்தான் என் ஒப்பந்தம் நீளும். நீண்டால்தான் திண்டிவனத்தில் இருக்கும் மனைவி செல்வியையும் மகளையும் இங்கே அழைத்துக்கொள்ள முடியும். படலத்தை மாற்றினேன், பசையை மாற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை.

ஒரு ஞாயிறு வீடியோவில் பேசும்போது செல்வி பாப்பாவுக்குப் பால் ஆற்றிக்கொண்டிருந்தாள். டம்ளரிலிருந்து டம்ளருக்கு, ஒரு முழ உயரத்தில். மேலே நுரை பொங்கி நின்றது.

"இன்னாங்க, பாலையே பாத்துக்கினு இருக்கீங்க?"

"நானும் லேப்ல இப்படித்தான் ஆத்திக்கினு இருந்தேன் செல்வி. தண்ணிய."

சீக்கிரம் ஆறட்டும் என்று, கொதித்த தண்ணீரை இரண்டு பீக்கர்களில் மாற்றி மாற்றி ஊற்றியிருக்கிறேன். விரட்டிய காற்றை நானே வெற்றிலை பாக்கு வைத்து அழைத்திருக்கிறேன். கை தன் பாட்டுக்குச் செய்த வேலை அது.

மறுநாள் உடன் வேலை செய்யும் இங்க்ரிட்டிடம் சொன்னேன். அவள் முகம் சிவந்துவிட்டது. "தினமும் பார்த்தேன். உங்கள் மதச் சடங்கு என்று நினைத்து வெளியே போய்விடுவேன்" என்றாள். சிரித்தேன். பிறகு கழிவறைக்குப் போய்க் கொஞ்சம் அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். விழுப்புரத்தில் நான் படித்த பாலிடெக்னிக்காக இருந்தால், என் விடுதி நண்பன் சேகர் முதல் தடவையே, "டேய், இன்னாடா, டீக்கடை போட்டுக்கினு இருக்கே?" என்று கேட்டிருப்பான். வகுப்பே சிரித்திருக்கும். அந்தக் கேலிக்குப் பயந்து அப்போது மூலை மேசையைத் தேடி உட்காருவேன். இங்கே எல்லா மேசையும் மூலை மேசைதான்.

மூடி வைத்துத் தானாக ஆறிய தண்ணீரில் எதிரொலி தெளிவாக வந்தது. ஒப்பந்தமும் நீண்டது. செல்வியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், இங்க்ரிட் கதை உட்பட. சந்தோஷப்பட்டாள். பிறகு கேட்டாள்.

"அங்க பாப்பாகிட்ட யாருங்க பேசுவாங்க?"

இப்போதெல்லாம் ஆய்வகத்தில் தண்ணீர் ஆறும்வரை கைகளைப் பைக்குள் விட்டுக்கொண்டு நிற்கிறேன். அறைக்கு வந்ததும் டீ போட்டு இரண்டு டம்ளர்களில் ஆற்றுகிறேன். ஆறிய பிறகும் நிறுத்த மனம் வருவதில்லை.