அறுபதாம் கல்யாணமும் வலது காதும்

என் கணவரின் வலது காது ஒரு காலையில் திடீரென்று கேட்காமல் போனது. உள்காதில் ஒலியை உணரும் மயிரிழை போன்ற நுண்ணிய செல்கள் இருக்கின்றன. அழிந்தால் அவை மீண்டும் வளர்வதில்லை. மருந்துகள் பலன் தரவில்லை. அன்றுமுதல் மாட வீதிகளில் நான் அவருடைய இடப்பக்கமாக நடக்கப் பழகினேன்.

மறு ஆண்டு அவருக்கு அறுபதாம் கல்யாணம். சடங்கில் மனைவி கணவரின் வலப்பக்கம் அமர வேண்டும்.

"மேளச் சத்தத்துல நீ என்ன சொன்னாலும் எனக்குக் கேட்காது," என்று வருந்தினார். அதற்குள் காதைச் சரிசெய்துகொள்ளத் தீர்மானித்து, ஸ்டெம் செல் ஊசி போடுவதாக விளம்பரம் செய்திருந்த ஓரிடத்தில் நாளும் குறித்துவிட்டார்.

ஸ்டெம் செல் ஆராய்ச்சியைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் நான் படித்தேன். நம்பிக்கையோடு பயமும் சேர்ந்தே வந்தது. அவரைத் தடுக்கவில்லை, அடையாற்றில் வழக்கமாகப் பார்க்கும் காது மருத்துவரை ஒருமுறை கேட்டுவிட்டுப் போகலாம் என்று மட்டும் சொன்னேன்.

அந்த அம்மையார் பொறுமையாக விளக்கினார். ஸ்டெம் செல்களை உள்காதுச் செல்களைப் போல ஆய்வுக்கூடத்தில் வளர்க்க முடிகிறது. விலங்குகளின் காதில் வைத்தும் பார்க்கிறார்கள். ஆனால் அவை நரம்போடு இணைந்து மனிதருக்குக் கேட்கவைக்கும் என்பது இன்னும் உறுதியாகவில்லை.

"நீங்க தள்ளாடாம நடக்கறதையும் அதே உள்காதுதான் பாத்துக்குது சார். என்னன்னு தெரியாத ஊசியப் போட்டு அதையும் கெடுத்துக்காதீங்க."

"எனக்கு எழுபது ஆகறதுக்குள்ள இந்த வைத்தியம் வந்துடுமா, டாக்டர்?"

"வந்தா நானே ஃபோன் பண்றேன்."

வெளியே வந்தவர் பேருந்து நிறுத்தத்தில் நின்றபடி, குறித்த நாளைத் தொலைபேசியில் ரத்து செய்தார்.

கல்யாணத்தன்று ஐயர் என்னை வலப்பக்கம் உட்காரச் சொன்னார்.

"அந்தக் காது லீவுல இருக்கு சாமி. இடம் மாத்திக்கலாமா?" என்று இவர் கேட்டார்.

"சாஸ்திரத்துல காதுக்கெல்லாம் லீவு கிடையாது சார். அம்மா முகத்தப் பாத்துக் கேட்டுக்குங்க."

அப்படியே செய்தார். தர்ப்பை நழுவுகிறது, அங்கவஸ்திரம் நெருப்பருகே போகிறது என்று சொல்ல வேண்டிய ஒவ்வொரு முறையும் நான் அவர் கையைத் தொட்டேன். அவர் முகத்தை முழுவதுமாக என் பக்கம் திருப்பி, என் உதடுகளைக் கவனித்து, தலையசைத்தார்.

எதிரே அமர்ந்திருந்த என் நாத்தனார் உரக்கச் சொன்னாள்: "மொதக் கல்யாணத்துல அண்ணன் கேமராவையேதான் பாத்துக்கிட்டு இருந்துச்சு. அண்ணிய இன்னைக்குத்தான் பாக்குது."

கூடம் முழுதும் சிரித்தது. எல்லோரும் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று கேட்க, அவர் மறுபடியும் என் பக்கம் திரும்பினார்.