'யாரும் இல்லை' என்று சொன்ன வெப்சைட்

போன சனிக்கிழமை காலை எங்கள் வெப்சைட் பொய் சொன்னது. அதுவும் ரத்தம் தேடி வந்த ஒருவரிடம்!

அல்சூரில் நண்பர்கள் சிலர் சேர்ந்து, ரத்த தானம் செய்பவர்களைத் தேடித் தரும் வெப்சைட் ஒன்றை நடத்துகிறோம். வாரநாளில் எல்லோருக்கும் ஆபீஸ். சைட் வேலையெல்லாம் சனிக்கிழமைதான்.

அன்று பெரிய வேலை. இன்னொரு குழு கொடுத்த பெயர்களையும் சேர்ப்பதற்காக டேட்டாபேஸின் அமைப்பையே மாற்ற வேண்டும். மைக்ரேஷன் என்போம். ஒரு வரி தப்பினாலும் இருக்கிற விவரமும் போய்விடும்!

பேக்கப் எடுத்தோம். ஓட்டினோம். ஒரு எரர்கூட இல்லை! நானும், பிரேசர் டவுனிலிருந்து வரும் ஷபானாவும் கைகளைத் தட்டிக்கொண்டோம்.

அப்போதுதான் போன். அடுகோடியிலிருந்து முருகேஷ் என்பவர்.

"மேடம், தங்கச்சிக்கு நாளைக்கு ஆபரேஷன். இன்னிக்கே ஓ நெகடிவ் வேணுமாம். உங்க சைட்ல யாருமே இல்லன்னு வருது. ஸ்வல்ப பாருங்க மேடம்..."

பார்த்தேன். 'யாரும் இல்லை' என்றுதான் இருந்தது. டேட்டாபேஸில் நேராகத் தேடினேன். இருக்கிறார்களே! சற்று முன் ஏற்றிய பெயர்கள்!

"அக்கா, கேஷ்!" என்று கத்தினாள் ஷபானா.

பணம் இல்லை, இது வேறு கேஷ். ஒவ்வொரு முறையும் டேட்டாபேஸைத் தொந்தரவு செய்யாமலிருக்க, முன்பு கிடைத்த பதிலை சைட் நினைவில் வைத்துக்கொள்ளும். மைக்ரேஷனுக்கு முன்னால் யாரோ தேடியபோது கிடைத்த பதிலையே இன்னும் ஒப்பித்துக்கொண்டிருந்தது!

"மொத்தமா அழிச்சிடவா?"

"அரே, வேணாங்க்கா! லாகின் பண்ணவங்க எல்லாரும் வெளிய போயிடுவாங்க. இந்த லிஸ்ட்ட மட்டும் தூக்கறேன்."

தூக்கினாள். ரெஃப்ரெஷ் செய்தேன். வந்துவிட்டன பெயர்கள்!

முதல் பெயர் ஸ்டெல்லா, பள்ளி ஆசிரியை. உடனே அழைத்தேன். வீட்டில் பரீட்சை பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாராம்.

"எந்த ஆஸ்பத்திரி? ஆட்டோ புடிச்சி நேரா அங்க போயிடறேன்" என்றார். போனார். கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை முருகேஷ் அழைத்தார். "ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது மேடம். கண்ணு முழிச்சதும் மொதல்ல காபி கேட்டா!" அவர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்றே தெரியவில்லை. உடனே ஷபானாவுக்கு போன் போட்டேன். அவள் போட்ட கூச்சல் ஊரையே எழுப்பியிருக்கும்!

மைக்ரேஷன் முடிந்ததும் சம்பந்தப்பட்ட கேஷைத் தானாகவே அழிக்கும்படி இப்போது மாற்றிவிட்டோம். ஆனால் சைட் மட்டுமா இப்படி? என்றோ கிடைத்த பதிலை வைத்துக்கொண்டு நாமும்தானே காலத்தை ஓட்டுகிறோம்?

இப்போதெல்லாம் யாராவது 'இல்லை' என்றால், ஒன்றுதான் கேட்கிறேன் — "கடைசியா எப்பப் பாத்தீங்க?"