பாதி வார்த்தையில் நின்ற பாட்டு

பஸ் பி.முட்லூரை நெருங்கினால் நான் தூங்க ஆரம்பித்துவிடுவேன். கடலூரிலிருந்து அதுவரை கண்ணைக் கொட்டாமல் வந்தவன், கண்டக்டர் "முட்லூர் எறங்கு" என்று குரல் கொடுத்ததும் தலையை ஜன்னல் கம்பியில் சாய்த்து, வாயைக்கூட லேசாகத் திறந்து வைத்துக்கொள்வேன். காரணம், பரங்கிப்பேட்டையிலிருந்து வந்து அங்கே ஏறுகிற ஒருவன். அவனும் சிதம்பரத்துக்குத்தான் வருவான், நான் போகிற அதே வீட்டுக்குத்தான். பக்கத்து இடம் காலியாக இருந்தால் உட்கார்ந்துகொள்வான். என்னை எழுப்ப மாட்டான். சிதம்பரம் வந்ததும் தோளை மெல்லத் தொட்டு, "அண்ணே, எறங்கணும்" என்பான். அந்த மரியாதையைப் பார்த்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இது இரண்டாயிரத்து ஆறு, ஏழு வாக்கில். அவன் வருவதற்கு முன்னால் நாங்கள் இரண்டு பேர்தான்.

நான் கடலூரை ஒட்டிய குடிகாட்டுப் பக்கம் ஒரு கெமிக்கல் கம்பெனியில் லேப் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். என் நண்பன் சிதம்பரத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தான். கீழவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. மாடியில் அவனுக்கென்று ஒரு அறை, அதில் ஒரு டேப் ரெக்கார்டர், இரண்டு நாற்காலி. ஞாயிற்றுக்கிழமை ஆனால் நான் அங்கே போய்விடுவேன். எங்களைச் சேர்த்து வைத்தது ஒரு இங்கிலீஷ் ராக் பேண்டு. அதில் இருந்தவர்களுக்கு எங்கள் அப்பாக்களின் வயது. இந்த ஜில்லாவிலேயே அவர்களைக் கேட்கிறவர்கள் நாங்கள் இருவர்தான் என்று எனக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. அதில் எனக்கு இருந்த கர்வத்தைச் சொல்லி முடியாது.

அந்த பேண்டுக்கு இரண்டு வாழ்க்கை. எழுபதுகளில் நீளமான தலைமுடியும் அதைவிட நீளமான பாட்டுகளுமாக இருந்தார்கள். கிடாரை எடுத்தால் கீழே வைக்க மாட்டார்கள். எண்பதுகளில் முடியை வெட்டிக்கொண்டார்கள், தோளில் பஞ்சு வைத்த கோட்டு போட்டார்கள், கீபோர்டும் கைதட்டலுமாகச் சின்னச் சின்னப் பாட்டுகள் போட்டார்கள். அவைதான் நன்றாக விற்றன. எது உண்மையான பேண்டு என்று உலகம் முழுக்க ரசிகர்கள் இன்டர்நெட்டில் அடித்துக்கொள்வதை நண்பனின் சென்டரில் உட்கார்ந்து படிப்போம். எங்கள் கட்சி எழுபதுகள். எண்பதுகளைப் பற்றி நான் பேசினால் சோப்பு விளம்பரத்தைப் பற்றிப் பேசுவதுபோல் பேசுவேன்.

எங்கள் கட்சியின் கொடி ஒரே ஒரு பாட்டு. காலேஜ் படிக்கும்போது திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ரெக்கார்டிங் கடையில் கொடுத்துப் பதிந்து வாங்கிய கேசட்டில், முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு அது. மெதுவாக ஆரம்பித்து, ஏறி ஏறிப் போய், பாடுகிறவர் 'ரிவர்' என்று பாட வாயெடுத்து, 'ரி' என்ற இடத்தில் டக்கென்று நின்றுவிடும். அதற்குமேல் ஒரு சத்தமும் இருக்காது. பாட்டை முடிக்காமலே முடிக்கிற தைரியம் வேறு எவனுக்கு உண்டு என்று நான் கேட்காத ஞாயிற்றுக்கிழமை கிடையாது. நண்பனிடம் இருந்த கேசட்டும் என்னுடையதிலிருந்து எடுத்த நகல்தான். அந்த 'ரி' வந்ததும் நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் தொடையில் ஓங்கித் தட்டுவோம். ஒரு நாளும் தவறியதில்லை. டேப்பை விட்டால் எம்பி3 என்ற பேச்சே என்னிடம் எடுக்கக் கூடாது. அதில் பாட்டு செத்துப்போகும் என்பது என் கொள்கை.

அப்படி இருந்தபோதுதான் அவன் வந்தான். பிரவுசிங் சென்டருக்கு ஏதோ ஸ்கேன் எடுக்க வந்தவன், கம்ப்யூட்டர் திரையில் அந்த பேண்டின் படத்தைப் பார்த்துவிட்டு, "பாஸ், இவுங்கள இங்க கேப்பீங்களா?" என்றானாம். வெளிநாட்டில் ஒரு பெரிய மியூசிக் கடையில் வேலை பார்த்துவிட்டு, அப்பாவின் கடையைப் பார்த்துக்கொள்ள ஊருக்குத் திரும்பியவன். பேண்டின் எல்லா சிடியும் ஒரிஜினலாக வைத்திருந்தான். அடுத்த ஞாயிறு நான் மாடி ஏறிப் போனால் என் நாற்காலியில் அவன் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து, "உக்காருங்கண்ணே, உங்க சீட்டுன்னு சொன்னாரு" என்றான். உட்கார்ந்தேன். சீட்டு சூடாக இருந்தது.

அவன் எண்பதுகள் கட்சி. அதை மறைக்கவும் இல்லை.

"அண்ணே, அங்க நான் இருந்த கடைக்கு வர்றவங்க எல்லா நாட்டு ஆளும் இருப்பாங்க. ஒருத்தன் பாஷை ஒருத்தனுக்குப் புரியாது. லீவு இல்லாம, ஊருக்குப் போன் பேசிட்டு மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு வருவான். எண்பதுல வந்தது ஒண்ணப் போட்டுவுட்டா அவனுக்கே தெரியாம கால் ஆடும். எழுபதுல வந்ததப் போட்டா வெளிய போயிடுவான்."

"கால் ஆடறதுக்குப் பாட்டு எதுக்கு? கொசு கடிச்சாலே ஆடும்" என்றேன்.

நண்பன் சிரித்தான். ஆனால் அன்றைக்கு வந்தவன் தன்னோடு கொண்டுவந்த பிளேயரில் போட்ட சிடியைக் கேட்கும்போது நண்பனின் கால் ஆடியதை நான் பார்த்தேன். செருப்பை மாட்டியிருந்த பெருவிரல் மட்டும், யாருக்கும் தெரியாது என்று நினைத்து, ஆடிக்கொண்டிருந்தது. கட்டிய பெண்டாட்டி எதிர்வீட்டுக்காரனைப் பார்த்துச் சிரித்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அதன்பிறகு எதைப் பார்த்தாலும் வயிறு எரிந்தது. நண்பனின் அம்மா கொத்சு பரிமாறும்போது புதிதாக வந்தவன் இலையில் இரண்டாவது கரண்டி தானாக விழும். எனக்குக் கேட்டால்தான் வரும். அவன் சட்டையில் அத்தர் மணக்கும். என் சட்டை எத்தனை முறை துவைத்தாலும் லேப் வாடைதான் அடிக்கும். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் ஒரு நாள் தெற்குவீதி முனையில் டீ குடிக்கும்போது நண்பன் அவனைப் பார்த்து, "மச்சான், சக்கர போதுமா?" என்று கேட்டான். அதுவரை அவன் 'பாய்'. மச்சான் என்றால் நான் மட்டும்தான். நானும் திரும்பினேன், அவனும் திரும்பினான். நண்பன் எங்கள் இருவரையும் பார்த்து ஒன்றும் நடக்காததுபோல் டீயை ஆற்றினான். பொறாமை என்றால் பொறாமைதான், அதற்கு நான் வேறு பெயர் தேடவில்லை.

அடுத்த வருடம் அந்த பேண்டு பெங்களூருக்கு வருவதாகச் செய்தி வந்தது. அங்கே இருந்த நண்பனின் சித்தப்பா மகன் டிக்கெட் எடுத்து அனுப்பினான். இரண்டுதான் கிடைத்ததாம். ஒன்று நண்பனுக்கு. இன்னொன்று யாருக்கு என்று அவன் சொல்லவில்லை. எனக்கு அந்த வாரம் லேப்பில் ஒரு வேலையும் ஓடவில்லை. இத்தனை வருட சிநேகிதத்தில் இதைக்கூடச் சொல்லத் தெரியாதா அவனுக்கு?

ஞாயிற்றுக்கிழமை போனதும் நண்பன் கைகூப்பி, நடுவர் மாதிரி குரலை மாற்றிக்கொண்டு, "பெருமக்களே, இன்றைய பட்டிமன்றத் தலைப்பு, பேண்டுக்குப் பெருமை சேர்த்தது எழுபதுகளா எண்பதுகளா" என்றான். பிறகு சொந்தக் குரலில், "ரெண்டு பேரும் பேசுங்கடா. ஜெயிக்கிறவன் எங்கூட பெங்களூர் வர்றான். என்னைய வேற மாதிரி முடிவு பண்ணச் சொல்லாதீங்க" என்றான். அவன் அம்மா வெண்டைக்காயும் அரிவாள்மணையுமாக வந்து கதவோரம் உட்கார்ந்துவிட்டார். அவர்தான் சபை.

முதலில் எண்பதுகள் கட்சிக்காரன் பேசினான். கடைக்கு வந்தவர்களின் கதை, கால் ஆடிய கதை. நன்றாகத்தான் பேசினான், பாவி. அம்மா வெண்டைக்காயை விட்டுவிட்டுக் கேட்டார். என் முறை வந்ததும் நான் பேசவே இல்லை. பையிலிருந்து கேசட்டை எடுத்துப் போட்டேன். பாட்டு ஏறி ஏறிப் போய், 'ரி' என்று நின்றது. நான் தொடையில் தட்டினேன். நண்பனும் தட்டினான், ஆனால் கொஞ்சம் பிந்தி. நடுவர் என்பதால் தயங்குகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

"பாத்தீங்களா? ஆத்தங்கரை வரைக்கும் கூட்டிட்டுப் போயிட்டு விட்டுட்டான். இனிமே நீயே நீந்திக்கடான்றான். எண்பதுல இந்தத் தைரியம் எங்க போச்சு? ஒரு லாலாலா போட்டு எல்லாரையும் கைதட்ட விட்டுட்டா பாட்டு முடிஞ்சுதா? பதில் சொல்லச் சொல்லுங்க" என்றேன்.

அவன் தன் பைக்குள் கையை விட்டான். ஒரு சிடி உறையின் ஓரம் தெரிந்தது. நண்பன் அவனைப் பார்த்தான். அவன் கையை வெறுமனே வெளியே எடுத்து, "அண்ணன் கேட்டதுக்கு எங்கிட்ட பதில் இல்ல. அவரே போயிட்டு வரட்டும்" என்றான். பயந்துவிட்டான் என்று எனக்கு ஒரே குஷி. அன்று திரும்பும்போது அவன் முட்லூரில் இறங்கும்வரை நான் தூங்கவே இல்லை, தாராளமாகப் பேசிக்கொண்டு வந்தேன்.

பெங்களூரில் ஒரு பெரிய மைதானம். வெளிச்சம் இன்னும் மிச்சம் இருக்கும்போதே பேண்டு மேடை ஏறிவிட்டது. பாடுகிறவருக்குத் தொந்தி போட்டிருந்தது. நடுவில், அந்தப் பாட்டின் முதல் கிடார் விழுந்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. நண்பனின் தோளைப் பிடித்துக்கொண்டேன். ஏறி ஏறிப் போனார்கள். 'ரி' வந்தது. நான் தொடையில் ஓங்கித் தட்டினேன்.

'வர்' என்று பாடி அவர் மேலே போனார்.

பாட்டு நிற்கவில்லை. டிரம்ஸ் துள்ளியது, கீபோர்டு வந்தது, பிறகு லாலாலா என்று ஒரு கோரஸ். மைதானமே கையைத் தூக்கித் தட்டியது. எழுபதுகளின் பாட்டு, எண்பதுகளுக்கு அப்பன் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. எனக்கு அப்போதுதான் விளங்கியது. என்னுடையது அறுபது நிமிடக் கேசட். அந்தப் பக்கம் அங்கே தீர்ந்துபோயிருக்கிறது, கடைக்காரர் மீதியை விட்டுவிட்டார், அவ்வளவுதான். நான் இத்தனை வருடம் கொண்டாடியது பேண்டின் தைரியத்தை அல்ல, டேப்பின் நீளத்தை.

அதைக்கூடத் தாங்கியிருப்பேன். திரும்பி நண்பனைப் பார்த்தேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தான். லாலாலா எங்கே ஏறும், எங்கே இறங்கும், எங்கே கைதட்டு வரும், எல்லாம் அவனுக்குத் தெரிந்திருந்தது. ஒரு இடத்திலும் தடுமாறவில்லை.

வெளியே வந்து கூட்டம் கலையும்வரை காத்திருந்து கேட்டேன். "எப்பலேர்ந்துடா தெரியும்?"

"எது மச்சான்?"

"நடிக்காத."

அவன் தரையைப் பார்த்தான். "பாய் வந்த மொத மாசமே சிடியில போட்டுக் காட்டுனான். நான் உங்கிட்ட சொல்லிடலாம்னுதான் சொன்னேன். அவன்தான் வேணாம்னுட்டான். அண்ணன் அத எவ்ளோ ஆசையா சொல்றாரு, அவுரு மனசு கஷ்டப்படும்னான். பட்டிமன்றத்தன்னிக்கும் சிடி கொண்டாந்திருந்தான். என்ன நெனச்சானோ, எடுக்கல."

டிக்கெட் எனக்கு, கச்சேரி எனக்கு, ஜெயித்ததும் நான். ஆனால் அந்த இடத்தில் நின்றபோது, அங்கே வராத அவன்மேல் எனக்கு வந்த பொறாமை அதுவரை வந்ததையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. ஒவ்வொரு ஞாயிறும் நான் தொடையில் தட்டியபோது அவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். என்னை நோகடிக்கக் கூடாது என்று இருவரும் சேர்ந்து ஒன்றைப் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறார்கள். எனக்கும் என் நண்பனுக்கும் நடுவில் அப்படி ஒன்று இருந்ததே இல்லை. பஸ்ஸில் ஊர் திரும்பும்வரை நான் நண்பனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அடுத்த ஞாயிறு பி.முட்லூரில் அவன் ஏறினான். நான் விழித்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து, "கச்சேரி எப்படிண்ணே?" என்றான். "மேல வா, சொல்றேன்" என்றேன். வழியெல்லாம் அவன் பையின் வாரைத் திருகிக்கொண்டே வந்தான்.

மாடியில் நண்பனும் இருந்தான். என்னோடு பஸ்ஸில் வந்தவன் என் நாற்காலியை எனக்கு நகர்த்திப் போட்டுவிட்டுக் கேட்டான். "அந்தப் பாட்டு பாடுனாங்களாண்ணே?"

நண்பன் என்னைப் பார்த்தான்.

"பாடல" என்றேன்.

கோயில் மணி அடித்தது. நண்பன் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவன் பக்கம் திரும்பி, "ஆமா பாய். அத மட்டும் பாடல" என்றான்.

அவனுக்கு மூச்சு வந்தது. "போவட்டும்ணே, நம்மகிட்டதான் இருக்கே" என்று அவனே எழுந்து போய் என் கேசட்டை எடுத்துப் போட்டான். பாட்டு ஏறி ஏறிப் போனது. 'ரி' என்ற இடத்தில் டேப் தீர்ந்து நின்றது. நானும் என் நண்பனும் தொடையில் தட்டினோம். இந்த முறை அவன் கை பிந்தவில்லை.